கமாண்டை ஒன்றாக்குங்கள், சட்டையை விட்டுவிடுங்கள்: முப்படைத் தலைமைத் தளபதிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முப்படைத் தலைமைத் தளபதி அவர்களுக்கு,

வணக்கம். குன்னூரை அடுத்த வெலிங்டனில் நான் தையல்கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்தே ராணுவத் துணிதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. போர்க்களத்தைக் கண்ணால் கண்டவன் இல்லை நான். ஆனால் தரைப்படையின் பச்சை, கடற்படையின் வெள்ளை, விமானப்படையின் நீலம் மூன்றையும் ஒரே மேசையில் போட்டு வெட்டுகிறவர்கள் நாட்டில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

தியேட்டர் கமாண்ட், அதாவது ஒரு திசையில் நிற்கும் மூன்று படைகளையும் ஒரே தளபதிக்குக் கீழே வைப்பது, என்ற பேச்சு வந்ததிலிருந்து, 'மூணு படையையும் ஒண்ணாக்கப் போறாங்களாமே' என்று டீக்கடையில் கேட்காத ஆள் இல்லை. கமாண்டை ஒன்றாக்குவது வேறு, படையை ஒன்றாக்குவது வேறு. முதலாவதைச் சீக்கிரம் செய்யுங்கள். இரண்டாவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். என் கட்சி இவ்வளவுதான்.

கடைக்குள் வந்து ஒருவர் 'கேப்டன்' என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, 'எந்தப் படை சார்?' தரைப்படை என்றால் தோளில் மூன்று நட்சத்திரம். ஆள் இளவட்டமாக இருப்பார். கடற்படை என்றால் நாலு தங்கப் பட்டை, காதோரம் நரைத்திருக்கும், தரைப்படைக் கணக்கில் அவர் கர்னலுக்குச் சமம். விமானப்படையில் அதே படிநிலைக்குக் குரூப் கேப்டன் என்று பெயர். முப்படை அதிகாரிகள் படிக்கும் எங்கள் ஊர் ஸ்டாஃப் காலேஜுக்கு ஜூன் வாக்கில் வந்து சேரும் மேஜரும் லெப்டினன்ட் கமாண்டரும் ஸ்குவாட்ரன் லீடரும் சம அந்தஸ்துதான், படிப்பதும் ஒரே வளாகத்தில்தான். ஆனால் அளவு கொடுக்க நிற்கும்போதே ஆள் வேறு வேறு என்று தெரிந்துவிடும். கப்பல்காரர் வெள்ளை பேன்ட்டுக்கு லைனிங் சரியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ரைஃபிள் ரெஜிமென்ட்காரரிடம் பளபளக்கிற பட்டனை எடுத்து நீட்டினாலே கையைத் தடுப்பார், அவர்களுக்குக் கறுப்புதான். இதெல்லாம் வெறும் பகட்டு என்று நான் நினைப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் எம்.ஆர்.சி. (மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையம்) மைதானத்தில் புதுப் பையன்கள் 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று கத்துவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். தமிழ்ப் பையனும் மலையாளியும் தெலுங்கரும் கன்னடக்காரரும் சேர்ந்து கத்துவது அது. 1758லிருந்து வரும் ரெஜிமென்ட். அந்தப் பெயருக்காக ஒருவன் செய்யத் துணிவதை 'ஒருங்கிணைந்த படை, பிரிவு எண் இத்தனை' என்ற பெயருக்காகச் செய்வானா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம் எதற்குக் கமாண்டை மட்டும் சேர்க்கச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். வரைபடத்தைப் பாருங்கள். தரைப்படையின் தெற்குக் கமாண்ட் புனேயில். கடற்படையின் தெற்குக் கமாண்ட் கொச்சியில். விமானப்படையின் தெற்குக் கமாண்ட் திருவனந்தபுரத்தில். கிழக்கு என்றால் கொல்கத்தா, விசாகப்பட்டினம், ஷில்லாங். மேற்கு என்றால் சண்டிமந்திர், மும்பை, டெல்லி. தரைப்படைக்கு ஏழு, விமானப்படைக்கு ஏழு, கடற்படைக்கு மூன்று என்று மொத்தம் 17 கமாண்ட். ஒரே எதிரி ஒரே திசையிலிருந்து வந்தால் மூன்று ஊருக்குப் போன் போட வேண்டும், மூவரும் சமமானவர்கள், யாரும் யாருக்கும் உத்தரவிட முடியாது. 1962ல் சீனாவோடு சண்டை நடந்தபோது போர் விமானங்களை இறக்காமலேயே தோற்றோம். 1971ல் ஜெயித்தோம் என்றால் அன்றைய தரைப்படைத் தளபதி மானெக்‌ஷாவும் மற்ற இரண்டு தளபதிகளும் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டதும் ஒரு காரணம். ஸ்டாஃப் காலேஜுக்குத் தலைவராக இருந்து, ஓய்வுக்குப்பின் குன்னூரிலேயே கடைசிவரை வாழ்ந்த மனிதர் என்பதால் எங்களுக்கு அவர்மேல் தனிப் பாசம் உண்டு. ஆனால் ஒவ்வொரு போருக்கும் ஒரு மானெக்‌ஷா கிடைப்பார் என்று நாடு நம்பி உட்கார முடியாது. கார்கிலுக்குப் பிறகு நம்ம திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான குழு குறைகளை எடுத்துச் சொன்னது. 2001ல் அமைச்சர்கள் குழு முப்படைத் தலைமைத் தளபதி பதவியைப் பரிந்துரைத்தது. பதவி வந்தது 2019 கடைசியில். பதினெட்டு வருடம்! கட்டடத்துக்கு அனுமதி வாங்குவதுகூட எங்கள் மலையில் இதைவிடச் சீக்கிரம் நடக்கும்.

அந்தப் பதவியில் முதலில் அமர்ந்த ஜெனரல் பிபின் ராவத், 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து ஸ்டாஃப் காலேஜுக்குப் பேச வந்த வழியில், நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். கூட வந்தவர்களில் ஒருவர்கூடத் தங்கவில்லை. அதைப் பற்றி இந்த ஊரில் எல்லோரும் நிறையப் பேசியாகிவிட்டது, நான் இங்கே நீட்டவில்லை. அவர் தொடங்கிய தியேட்டர் கமாண்ட் வேலை என்னவாயிற்று என்பதுதான் கேள்வி.

படைகளையே கலைத்து ஒன்றாக்கினால் என்ன ஆகும் என்பதைக் கனடா செய்து பார்த்துவிட்டது. கடைக்கு வந்த ஓர் அதிகாரி இதைச் சொன்னார், அப்புறம் நானே தேடிப் படித்தேன். பால் ஹெல்யர் என்று ஒரு பாதுகாப்பு அமைச்சர். அவர் கொண்டுவந்த சட்டத்தால் 1968ல் மூன்று படைகளும் கலைக்கப்பட்டு, கனடா ஆயுதப்படை என்று ஒன்றே ஒன்றாயின. எதிர்த்துப் பேசிய கடற்படை அட்மிரல் லாண்டிமோர் பதவியை விட்டு அனுப்பப்பட்டார். எல்லோருக்கும் ஒரே கரும்பச்சை உடை. மாலுமிக்கும் பச்சை, விமானிக்கும் பச்சை. 1980களில் ஆளுக்கொரு நிறம் திரும்பி வந்தது. 2011ல் கடற்படை, தரைப்படை, விமானப்படை என்ற பழைய பெயர்களையே திருப்பிக் கொடுத்தார்கள். கவனியுங்கள் ஐயா, உடையும் பெயரும் திரும்பின. மேலே இருந்த ஒற்றைத் தலைமை திரும்பப் பிரிக்கப்படவில்லை. அது இன்றும் ஒன்றுதான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரிகேடியரும் அதற்கு மேலே இருப்பவர்களும் ரெஜிமென்ட் வித்தியாசம் இல்லாமல் ஒரே மாதிரி உடுத்த வேண்டும் என்று தரைப்படை கொண்டுவந்தது. தோளில் தொங்கும் ரெஜிமென்ட் கயிறான லேன்யார்டு போயிற்று, பெரட் தொப்பி ஒரே நிறமாயிற்று. கர்னல் வரை எதையும் தொடவில்லை. இது எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. எல்லா ரெஜிமென்ட்டையும் சேர்த்து நடத்துகிறவர் தோளில் ஒரு ரெஜிமென்ட்டின் கயிறு எதற்கு? ஆனால் சிப்பாயோடு நின்று சண்டை போடுகிறவருக்கு அது வேண்டும். மூன்று படைகளுக்கும் அதே கணக்குத்தான்.

விமானப்படையின் வருத்தத்தைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். 2021 ஜூலையில் ஜெனரல் ராவத், பீரங்கிப் படை போல விமானப்படையும் தரைப்படைக்குத் துணைப் பிரிவு என்ற பொருளில் பேசியபோது, கடைக்கு வந்த நீலச்சட்டைக்காரர் ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் அளவு கொடுத்துவிட்டுப் போனார். அன்றைய விமானப்படைத் தளபதி பதௌரியா வெளிப்படையாகவே மறுத்தார். இதில் மானப் பிரச்சினை மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. 42 போர் விமான ஸ்குவாட்ரன் (அணி) இருக்க வேண்டிய இடத்தில், 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்றபோது நின்றது 29. காலையில் ஜோத்பூரிலும் மாலையில் தேஜ்பூரிலும் நிற்கக்கூடிய விமானத்தை ஒரு கமாண்டுக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டால், மற்றவர் கேட்கும்போது அவர் கொடுப்பாரா? 2025 ஆகஸ்டில் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் அவசரப்பட வேண்டாம் என்று சொன்னதன் பின்னால் இதுவும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே விமானங்களைப் பங்குபோட வேண்டாம். மையத்திலேயே இருக்கட்டும், சண்டை நடக்கும் இடத்துக்கு இரவல் போகட்டும்.

கடலுக்கான தியேட்டர் கமாண்டிலிருந்து தொடங்குங்கள். அங்கே பிணக்குக் குறைவு. ஒரு காலத்தில் அந்தக் கமாண்ட் எங்களுக்குக் கீழே கோயம்புத்தூரில் வரும் என்றுகூடப் பேச்சு அடிபட்டது. எந்த ஊரானாலும் சரி. 2001லேயே அந்தமானில் மூன்று படைகளுக்கும் சேர்த்து ஒரு கமாண்ட் வைத்தீர்கள். ஆனால் அங்கே தலைமையில் இருந்தவர் வேற்றுப் படைக்காரர் ஒருவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டுமென்றால் அவரை அவர் படைக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. படைக்கொரு சட்டம் என்பதால். 2023ல் வந்த புதுச் சட்டம் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. அது 2024 மே முதல் நடப்பிலும் இருக்கிறது. இனி சாக்கு எதுவும் மிச்சம் இல்லை.

இன்னொன்று. 1980ல் ஈரான் பாலைவனத்தில் பிணைக்கைதிகளை மீட்கப் போய், நான்கு படைகளின் ஆட்கள் ஒருவரோடொருவர் சரியாகப் பழகாமலேயே இறங்கி எட்டுப் பேரைப் பலி கொடுத்த அமெரிக்கா, 1986ல் ஒரு சட்டம் போட்டது. மற்ற படையோடு சேர்ந்து வேலை பார்க்காதவர் ஜெனரல் ஆக முடியாது என்பது அதில் ஒரு விதி. இங்கும் அதைக் கொண்டுவாருங்கள். ஸ்டாஃப் காலேஜில் ஒரு வருடம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்து, பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போய், நெருங்கிப் பழகுகிறார்கள். ஏப்ரலில் சாமான் கட்டி ஆளுக்கொரு திசையில் போனால் முடிந்தது. பதவி உயர்வு அதைப் பொறுத்தது என்றால் அந்தப் பழக்கம் நிற்கும்.

செலவு மிச்சமாகும் என்று மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள். பக்கத்து அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையும் சேர்ந்த 41 தொழிற்சாலைகளை 2021 அக்டோபரில் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோதும் திறமை, சிக்கனம் என்றுதான் சொன்னார்கள். பிரித்தாலும் சிக்கனம், சேர்த்தாலும் சிக்கனம் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். போரில் யார் உத்தரவு போடுவது என்பதற்காகச் செய்கிறோம் என்று நேராகவே சொல்லுங்கள். நாடாளுமன்றத்திலும் அதை ஓர் அறிக்கையாக வையுங்கள்.

கடைசியாக ஒரு தொழில் விஷயம். என்றைக்காவது மூன்று படைக்கும் ஒரே உடை என்று யாராவது கோப்பு தூக்கிக்கொண்டு வந்தால், தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே தீர வேண்டும் என்றால் எங்களுக்கு ஒரு வருடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். வெள்ளைத் துணியும் நீலத் துணியும் நாங்கள் மொத்தமாகத்தான் வாங்குகிறோம்.

இப்படிக்கு,
வெலிங்டன் தையல்காரன் ஒருவன்