பாம் பைலட்டுக்குப் பேட்டரி போடுங்கள்: கணினி அருங்காட்சியகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினி அருங்காட்சியகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்னால் ஒரு தலைமுறை சட்டைப்பையில் வைத்திருந்த டிஜிட்டல் டைரிகளைப் பற்றி எழுதுகிறேன். 1984-இன் சயான் ஆர்கனைசர், 1993-இன் ஆப்பிள் நியூட்டன், 1996-இன் பாம் பைலட் எல்லாம் உங்கள் கூடங்களில் பெயரட்டையோடு இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் திரை இருண்டுதான் கிடக்கிறது. அதுதான் என் மனக்குறை.

அணைந்து கிடக்கும் பைலட்டைப் பார்த்தால் சாம்பல் நிற பிளாஸ்டிக் டப்பாதான் தெரியும். அதன் அருமை கையில் எடுத்தவருக்குத்தான் விளங்கும். கீழே நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பு என்று தனித்தனிப் பொத்தான்கள். அணைந்திருக்கும்போது நாட்காட்டிப் பொத்தானை அழுத்தினாலே போதும், இன்றைய பக்கம் உடனே வந்து நிற்கும். உள்ளே இருந்ததோ 16 மெகாஹெர்ட்ஸ் சில்லும், பைலட் 1000 என்றால் வெறும் 128 கிலோபைட் நினைவகமும். இரண்டு சின்ன ஏஏஏ பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடியது.

எழுதுவதும் அப்படித்தான். யார் எப்படி எழுதினாலும் தானே புரிந்துகொள்ள நியூட்டன் முயன்று கெட்ட பெயர் வாங்கியது. பாம் நிறுவனர் ஜெஃப் ஹாக்கின்ஸ் வேறு வழியில் போனார். கிராஃபிட்டி என்ற அவரது கையெழுத்து முறையில் மனிதர் தன் எழுத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆங்கில ஏ-க்கு நடுக்கோடு கிடையாது. கூரை மாதிரி ஏறி இறங்கினால் முடிந்தது. எழுத்துகளைத் திரைக்கு அடியில் உள்ள எழுதும் கட்டத்தின் இடப்பக்கம், எண்களை வலப்பக்கம், ஒன்றின் மேலேயே இன்னொன்றாக எழுத வேண்டும். இதை எத்தனை படம் போட்டு விளக்கினாலும் சரி, ஸ்டைலஸை, அதாவது திரையில் எழுதும் குச்சியைப் பிடித்து நாலு எழுத்து எழுதிப் பார்ப்பதற்கு ஈடாகாது.

பைலட்டைச் செய்வதற்கு முன்பு ஹாக்கின்ஸ் அதே அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திப்புக்கு நேரம் கேட்டால் அதை எடுத்து எழுதுவதுபோலப் பாவனை செய்வார். அந்தக் கட்டை இன்று கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. கட்டைக்கு மின்சாரம் வேண்டாம். அதிலிருந்து பிறந்த கருவிக்கு வேண்டுமே!

காலமும் காத்திருக்கவில்லை. உள்ளேயே விட்டுவைத்த ஆல்கலைன் பேட்டரி கசிந்து முனைகளை அரித்துவிடும். சயான் சீரிஸ் 5-இல் திரைக்குப் போகும் பட்டைக் கம்பி திறந்து மூடியே விட்டுப்போகும். பாம் 5-இன் உறை பசையால் ஒட்டப்பட்டது, திறப்பதே பெரும்பாடு. இவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களை இப்போதே கூப்பிடுங்கள்.

அப்புறம், உள்ளிருந்த தகவல். பைலட்டின் முகவரியும் குறிப்பும் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவகத்தில் தங்கும். பேட்டரியைக் கழற்றினால் ஏறக்குறைய ஒரு நிமிடம், அவ்வளவுதான். எஞ்சியிருப்பது ஹாட்சிங்க் செய்த, அதாவது கருவியோடு இணைத்துத் தகவலைப் பரிமாறிக்கொண்ட பழைய கணினிகளில் உள்ள நகல்களே. கருவியைக் கொடுக்க வருபவரிடம் அந்தக் கோப்புகளையும், கருவியை உட்கார வைக்கும் தொட்டிலையும் கேளுங்கள். உரிமையாளர் சம்மதத்தோடு, அந்தரங்கமானதை நீக்கிவிட்டுச் சேமியுங்கள். ஒரு சாதாரண மனிதரின் 1998-ஆம் வருட வேலைப் பட்டியல் ஆய்வாளருக்குப் பொக்கிஷம்.

இன்னொன்று உங்களால் மட்டுமே முடியும்: பழைய மென்பொருளின் மூல நிரலைக் கேட்டு வாங்குவது. பாம் நிறுவனம் யூ.எஸ். ரோபாட்டிக்ஸ், 3காம், பிறகு 2010-இல் எச்.பி. எனக் கை மாறியது. அதன் இயங்குதளமான பாம் ஓஎஸ்ஸோ 2003-இல் தனியாகப் பிரிந்து, 2005-இல் ஜப்பானின் ஆக்சஸ் நிறுவனத்திடம் போனது. சயானின் இபாக் இயங்குதளம் 1998-இல் சிம்பியனாகி, பல கோடி கைபேசிகளில் ஓடியது. இன்றைய பேசியில் நாட்காட்டி கணினியோடு தானாகச் சேர்ந்துகொள்வதற்கு வழி போட்டவை இவைதான். ஆப்பிளின் பழைய ஓவிய மென்பொருளான மேக்பெயின்ட்டின் மூல நிரலை ஆப்பிளின் அனுமதியோடு 2010-இல் வெளியிட முடிந்ததல்லவா? பாம் ஓஎஸ்ஸின் முதல் பதிப்புகளுக்கும் அதேபோல் கேளுங்கள். தனி ஆள் கேட்டால் பதில் வராது, நீங்கள் கேட்டால் வரும்.

இணைய ஆவணக் காப்பகம் 2022-இல் நூற்றுக்கணக்கான பாம் செயலிகளை உலாவியிலேயே இயங்கவைத்தது. அருமையான வேலை. ஆனாலும் சுட்டியைச் சொடுக்குவது வேறு, ஸ்டைலஸ் திரையில் உரசுவது வேறு. ஒவ்வொரு கூடத்திலும் ஒரே ஒரு பைலட்டையாவது கண்ணாடிக்கு வெளியே, தொட்டுப் பார்க்கும்படி வையுங்கள். ஸ்டைலஸைக் கயிற்றில் கட்டிவிடுங்கள், கிராஃபிட்டி எழுத்து அட்டையைப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அன்புடன்,
டிஜிட்டல் டைரி பிரியர் ஒருவர்