மறுகால் விட்டவர்களுக்கு எங்கள் நன்றி

அழகர்மலை அடிவாரத்து எங்கள் ஊர்க் கண்மாய்ப் பாசன விவசாயிகள் எழுதும் நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய மேலக்கண்மாய் ஊரார்க்கும், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலின் சீரமைப்பில் துணைநின்ற அனைவர்க்கும் வணக்கம்.

கடந்த கார்த்திகை மழையில் எங்கள் கண்மாய் நிறைந்து, கலுங்கு என்னும் நீர்வழிந்தோடி வழியே மறுகால், அதாவது மிகுதி நீர், பாய்ந்த செய்தியைத் தாங்கள் அனைவரும் அறிவீர்கள். பலர் நேரில் வந்து பார்த்தும் சென்றீர்கள். இத்தகைய மடல்களில் பெரிய மனிதர்களை முதலிலும் உழைத்தவர்களை இறுதியிலும் குறிப்பிடுவது வழக்கம். நாங்கள் அந்த வரிசையை மாற்றிக்கொண்டோம். எங்கள் ஆயக்கட்டில், அதாவது கண்மாய் நீர் பாயும் நிலப்பரப்பில், ஒரு குழி நிலமும் இல்லாதிருந்தும் எங்களுக்காகக் கையை நீட்டியவர்களுக்கே முதல் நன்றி உரியது என்று ஊர்க்கூட்டத்தில் ஒருமனதாக முடிவு செய்தோம்.

அதன் காரணம் விளங்க எங்கள் நிலத்தின் அமைப்பைச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. மதுரை என்றாலே வைகைப் பாசனம் என்று வெளியூரார் எண்ணுகிறார்கள். மேற்கே பாய்ந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பணியை 1895-இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் நிறைவேற்றினார். 1959-இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணையும் வந்தது. வைகையின் பேரணையிலிருந்து புறப்படும் பெரியாறு பிரதானக் கால்வாயில், கள்ளந்திரி ஊர் வரையுள்ள இருபோகப் பகுதி மட்டும் 45,041 ஏக்கர். அந்தக் கால்வாய் எங்கள் ஊருக்கு வெகு அருகில்தான் ஓடுகிறது. ஆனால் எங்கள் வயல்களைவிடத் தாழ்ந்த மட்டத்தில் ஓடுகிறது. ஆகவே அணையில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி நாளிதழில் வரும்போது கீழ்ப்புறத்து ஊர்களில் நாற்றங்கால் தயாராகும். நாங்கள் மலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். நெல்லோ, கடலையோ, வீட்டில் கலியாணமோ, எல்லாம் அழகர்மலையில் பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பொறுத்தவை. அம்மழையும் ஒருசில நாளில் கொட்டித் தீர்த்துவிடும். ஓடைகளில் இறங்கி வரும் அந்த வெள்ளத்தைப் பிடித்துவைக்கவே முன்னோர்கள் சரிவின் குறுக்கே ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்மாய்களை வெட்டினார்கள். மேலக்கண்மாயின் மறுகால்தான் எங்கள் கண்மாயின் வரத்து. எங்கள் மறுகால் கீழ்க்கண்மாயின் வரத்து. வைகையே கடலைத் தேடிப் போகாமல் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் சென்று முடிகிற நாடு இது.

இப்படிப்பட்ட தொடரில் மேலே இருப்பவர் நினைத்தால் கீழே இருப்பவரைப் பட்டினி போடலாம். மேலக்கண்மாய்க் கலுங்கின்மீது மணல் மூட்டைகளை அடுக்கி நீர்மட்டத்தை உயர்த்திக்கொள்வதும், அதனால் இரு ஊர்களுக்கும் இடையே வாய்ச்சண்டை முற்றி வழக்குவரை போனதும் பழைய கதை. மூட்டை அடுக்கியவர்களின் அச்சமும் பொய்யானதன்று: மடை, அதாவது வயலுக்கு நீர் திறக்கும் மதகு, ஒழுகும் கண்மாயில் தண்ணீர் எத்தனை வாரம் நிற்கும் என்று எவருக்கும் தெரியாது. இந்த ஆண்டு மழைக்கு முன்பே மேலக்கண்மாய் ஊர்ப் பெரியவர்கள் எங்களை அழைத்துப் பேசினார்கள். அவர்களது மடையின் ஒழுக்கை அடைக்க நாங்கள் ஆள் தருவது, கலுங்கின் மட்டத்தில் அவர்கள் கை வைக்காதிருப்பது என்று முடிவாயிற்று. இதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எங்களில் சிலர் கேட்டபோது, ஐயனார் கோயில் வாசலில் நின்று சொன்ன சொல் போதும் என்றார்கள் அவர்கள். பெருமழை பெய்த இரவில் அவர்கள் ஊர் இளைஞர்கள் கலுங்கின் வாயில் வந்து அடைத்த மரக்கிளைகளையும் தழையையும் மண்வெட்டியோடு நின்று அகற்றி, தண்ணீரை எங்கள் பக்கம் போகவிட்டதை நாங்கள் மறக்கமாட்டோம். அத்தண்ணீரால் அவர்கள் வயலுக்கு ஒரு சொட்டுப் பயனும் இல்லை.

அடுத்த நன்றி, வரத்துக்காலின் ஓரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அன்பருக்கு. பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் வெளியிடவில்லை. கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் அகலமாக இருக்கும் கால்வாய் அவருடைய தோப்பருகே ஒரு வண்டிப்பாதை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வருவாய்த்துறையின் நில அளவர் வெயிலில் நின்று எல்லைக்கல் ஊன்றியபோது, காய்க்கும் மரங்கள் சில கால்வாயின் எல்லைக்குள் வந்தன. அவற்றை நட்டவர் அவருடைய தகப்பனார். அவர் வழக்காடியிருந்தால் பல மழைக்காலங்கள் கழிந்திருக்கும். அவரோ காய்களை இறக்கிக்கொள்ள மட்டும் அவகாசம் கேட்டு, பின்னர் தாமே ஆள் வைத்து மரங்களை வெட்டிக் கொடுத்தார். கால்வாய் வெட்டும் பணிக்குப் பணம் கொடுத்தோர் பட்டியல் சாவடியில் ஒட்டப்பட்டிருக்கிறது. அவர் விட்டுக்கொடுத்த மரங்களுக்கு அதில் தனியே ஒரு வரி எழுத வேண்டும் என்பது இம்மடலை எழுதுவோரின் கருத்து.

கண்மாயில் நீர் தேங்கும் உள்வாயை மூடியிருந்த சீமைக்கருவேலத்தை வெட்டிய கரிமூட்டத் தொழிலாளர்கள், விறகை எடுத்துக்கொள்வதோடு தங்கள் வேலை முடிந்தது என்று போயிருக்கலாம். தூரோடு பிடுங்காவிட்டால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும் என்று எடுத்துச் சொல்லி, ஜேசிபி வரும்வரை காத்திருந்து தூரையும் எடுத்துத் தந்தார்கள். நூறு நாள் வேலையில் கரைக்கு மண் சுமந்த பெண்களுக்கும், வண்டல் அடித்த டிராக்டர் ஓட்டுநர்களுக்கும், அனுமதிச் சீட்டு கிடைக்க அலைந்த ஊராட்சிப் பணியாளர்களுக்கும் நன்றி. 2017-இல் அரசு, ஊரார் பங்கேற்று நீர்நிலைகளைச் சீர்செய்யும் குடிமராமத்தை மீண்டும் தொடங்கிய பின்னர் இவ்வட்டாரத்தில் பல கண்மாய்களின் கரை உயர்ந்தது உண்மையே. ஆயினும் கரையை உயர்த்திவிட்டு வரத்துக்காலை மறந்தால், கண்மாய் வெறும் கிரிக்கெட் மைதானமாகத்தான் கிடக்கும். எங்களுடையது பல ஆண்டுகள் அப்படித்தான் கிடந்தது.

எங்கள் நீர்பாய்ச்சி ஐயா அவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டும். எந்த மடையை எத்தனை நாழிகை திறந்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டும் என்னும் கணக்கு அவரிடம்தான் இருக்கிறது. கண்மாய் வறண்டு கிடந்த ஆண்டுகளில் கூலியாகக் களத்து நெல் கிடைக்காதபோதும், மடையின் பலகை களவு போகாமல் வீட்டில் எடுத்து வைத்துக் காத்தார். இவ்வாண்டு முறைப்பாசனத்தை அவரே வகுத்தார். தலைமடைக்காரர்கள் முணுமுணுத்தாலும் மீறவில்லை. அவருக்குச் சேர வேண்டிய பழைய பாக்கி நெல்லை அறுவடைக் களத்திலேயே அளந்து கொடுப்பது என்று தீர்மானித்திருக்கிறோம்.

இப்போது கரைக்குக் கீழுள்ள கிணறுகளில் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கிறது. குடிநீருக்காக லாரியை எதிர்பார்த்த தெருவில் அடிபம்பு மீண்டும் இறைக்கிறது. திருப்பூருக்குப் போன பிள்ளைகளில் சிலர் நடவுக்கு ஊர் திரும்பினார்கள். அவர்கள் இங்கேயே தங்குவார்களா என்பதை ஒரு போகத்தை வைத்துச் சொல்ல முடியாது. கடைமடையில் சில வயல்கள் இன்னும் தரிசாகவே கிடக்கின்றன. அந்த வாய்க்காலைக் கோடையில் தூர்வார வேண்டும்.

எங்கள் மறுகால் ஓடையில் வளர்ந்திருந்த நாணலை நாங்களே வெட்டிக் கீழ்க்கண்மாய்க்கு வழி விட்டிருக்கிறோம். இதற்காகக் கீழூரார் நன்றி சொல்ல வந்தபோது, மேலக்கண்மாய்க்குப் போய்ச் சொல்லுமாறு அனுப்பிவைத்தோம்.

வரவு செலவுக் கணக்கு சாவடிச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. ஐயம் உள்ளவர்கள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். பங்குனியில் அறுவடை முடிந்து தண்ணீர் வற்றியபின் மீன்பிடித் திருவிழா நடைபெறும். அதற்கான நாளை ஊர்ப் பெரியவர்கள் குறித்ததும் தண்டோரா மூலம் தெரிவிப்போம். இம்முறை கரையில் நின்று வெள்ளைத் துண்டு வீசித் தொடங்கிவைக்க மேலக்கண்மாய் ஊர்ப் பெரியவரை அழைக்கிறோம். ஊத்தா, கச்சா முதலிய மீன்பிடி கருவிகளைக் கொண்டு குடும்பத்தோடு வருக. வழக்கம்போல் பிடித்த மீனை விற்கக் கூடாது.

இவண்,
கண்மாய்ப் பாசன விவசாயிகளும் ஊர்ப் பொதுமக்களும்,
அழகர்மலை அடிவாரம், மதுரை மாவட்டம்.