ரசீதில் இருக்கிறது, கடிதத்தில் இல்லை

கருத்தரிப்பு மையங்கள் நடத்தும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஐ.வி.எஃப்-இல், அதாவது சோதனைக்குழாய் முறையில், கருத்தரித்த தாய்மாரும் பிள்ளைகளும் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பது என் வேலை. பதினொரு வருடமாகிறது. பாதி நாள் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்களில் கேஸ் ஷீட் புரட்டியே போனது.

போன மாதம் ஓர் அம்மாவுக்கு 33 வாரத்தில் பிரஷர் எகிறி, அவசர சிசேரியன். உங்களில் ஒருவர் அவரைப் பிரசவத்துக்கு அனுப்பித் தந்த கடிதத்தில் இருந்தது 'பிரஷியஸ் பிரெக்னன்சி' (அருமையான கர்ப்பம்) என்ற இரண்டே வார்த்தை. கர்ப்பப்பையில் வைத்தது உறையவைக்காத ஃபிரெஷ் எம்ப்ரியோவா (கருவா), உறையவைத்து எடுத்த ஃபிரோசனா? எத்தனை? ஒன்றும் இல்லை. அவர் கணவர், தன் அம்மாவுக்குத் தெரியாமல் என்னை வராண்டாவுக்குக் கூட்டிப்போய், மஞ்சப்பையிலிருந்து ரசீதுக் கட்டை எடுத்தார். கரு உறையவைத்துப் பாதுகாத்ததற்கு ஐந்து மாத வாடகை, தேதிவாரியாக. ஃபிரோசன் என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் கணக்காளர் நல்ல ஆராய்ச்சியாளர்.

ஃபிரெஷ்ஷா ஃபிரோசனா என்ற அந்த ஒரு வரி எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து பதிவேடுகளை இணைத்துப் பார்த்ததில், ஃபிரெஷ் என்றால் பிள்ளை எடை குறையும் வாய்ப்பும், ஃபிரோசன் என்றால் எடை கூடுவதும் தாய்க்குப் பிரஷர் வருவதும் அதிகம் என்று தெரிந்தது. இங்கே தமிழ்நாட்டிலும் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அரசு பதிவு செய்து தரும் பிக்மி எண் இருக்கிறது. 2021-இல் கருத்தரிப்பு மையங்களுக்கென்று சட்டம் வந்தது, தேசியப் பதிவேடும் வந்தது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு லேபர் வார்டு டாக்டர் கையில் இருப்பது உங்கள் கடிதம் மட்டும்தான்.

ரகசியம் என்பீர்கள். சரி, அந்த அம்மாவின் சம்மதத்தோடு மூடிய கவரில் கொடுங்கள். பைபாஸ் முழுக்க யார் வீட்டுக் குழந்தையோ சிரிக்கும் ஹோர்டிங்கில் வெற்றி சதவீதம் போடுகிறீர்கள். பாசிட்டிவ் வந்த அன்றோடு உங்கள் கணக்கு முடிந்துவிடுகிறது. அப்புறம் நடப்பதற்கு ஹோர்டிங் இல்லை.

1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் பிறந்த, இந்தியாவின் முதல் ஐ.வி.எஃப் குழந்தையான துர்காவும் ஃபிரோசன் கருவில் வந்த குழந்தைதான். அதைச் செய்துகாட்டிய டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயை அன்று அரசின் விசாரணைக் குழுவே நம்பவில்லை. 1981-இல் தற்கொலை செய்துகொண்டார். பல வருடம் கழித்து ஐ.வி.எஃப் விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார் நம்பியது, முகோபாத்யாய் கைப்பட எழுதி வைத்த குறிப்புகளைப் படித்துத்தான்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒரு வரி: ஃபிரெஷ்ஷா ஃபிரோசனா, எத்தனை கரு, கர்ப்பப்பையைத் தயார் செய்தது இயற்கையாகவா மாத்திரையாலா. பிரசவத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் தயவுசெய்து எழுதுங்கள். இடம் போதாது என்றால் 'பிரஷியஸ்' என்பதை எடுத்துவிட்டு அங்கே எழுதலாம்.

இப்படிக்கு,
ரெக்கார்டு ரூமிலிருந்து ஒரு நோய்ப்பரவலியல் ஆய்வாளர்