ஸ்கிம்மர் வாங்குமுன் சம்பை அளந்துகொள்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள குணா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மூன்றடித் தொட்டியில் பவளம் வளர்க்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. பள்ளி நாளில் நீ ஜாடியில் வளர்த்த சண்டை மீன் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை.

தொட்டி நீரின் அழுக்கை அகற்ற எந்தப் புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கை மட்டும் நம்பி வாங்கிவிடாதே. எத்தனை மீன், எவ்வளவு தீனி என்பதுதான் முதற்கேள்வி. பருப்பு வேகும்போது மேலே திரளும் நுரையை உன் அம்மா கரண்டியால் வழித்துக் கொட்டுவாரே, ஸ்கிம்மர் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். மீன் கழிவிலிருந்தும் மீந்த தீனியிலிருந்தும் நீரில் கலக்கும் புரதம் போன்ற பொருள்களின் மூலக்கூறுகளில் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை விட்டு விலகப் பார்க்கும். அதனால் அவை காற்றுக் குமிழிகளின் மேல் ஒட்டிக்கொண்டு, நுரையோடு நுரையாகக் கருவியின் கழுத்து வழியே ஏறி, மேலே அழுக்கு சேரும் கப்பில் விழுந்துவிடுகின்றன. அழுகி அம்மோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுவதற்கு முன்பே வெளியேறிவிடுவதுதான் இதில் நமக்குக் கிடைக்கும் லாபம்.

உன் தொட்டி 90, 45, 45 செ.மீ. என்று எழுதியிருக்கிறாய், அதாவது சுமார் 182 லிட்டர். கல்லும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்து, தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இருக்கும் துணைத் தொட்டியான சம்பில் நிற்கும் நீரைச் சேர்த்தால் 200 லிட்டரை ஒட்டித்தான் வரும். இரண்டு கோமாளி மீன்களும் ஒரு சிறு கோபி மீனும் மட்டுமே இருக்கும்போது, 300 லிட்டர் என்று போட்டிருப்பதே உனக்குத் தாராளம். பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் அண்டாவில் சோறு வடிப்பது போலத்தான் அது. நுரையைத் தாங்கிப் பிடிக்கப் போதிய அழுக்கு நீரில் இல்லாமல், கழுத்துவரை ஏறி ஏறி உடைந்துபோகும்.

நான் அப்படித்தான் ஏமாந்தேன். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு 1000 லிட்டர் என்று போட்ட ஒன்றை வாங்கி வந்து அலமாரிக்குள் வைத்தேன், கச்சிதமாக நின்றது. மறுநாள் கப்பைக் கழற்றப் போனபோதுதான் அது இரண்டு அங்குலம் மேலே எழவேண்டும் என்பதும், குறுக்குச் சட்டம் ஒன்றரை அங்குலத்திலேயே இடிக்கிறது என்பதும் தெரிந்தது. மோட்டாரை நிறுத்திக் கருவியையே சாய்த்து எடுத்ததில், தே-ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், நிறத்திலிருந்த அந்த நாற்றநீரில் பாதி சம்புக்கே திரும்பிப் போயிற்று.

நீரின் ஆழமும் முக்கியம். ஒவ்வொரு கருவியும் குறிப்பிட்ட ஆழத்தில் நிற்கும்படி செய்யப்பட்டது. அதைவிட ஆழமானால் நுரை நீர்த்துக் கப்பு வழியும், குறைந்தால் நுரை ஏறவே ஏறாது. நம் வெயிலுக்கு நீர் தினமும் ஆவியாகிக் குறைவதால், மட்டம் மாறாத அறை சம்பில் எது என்று பார்த்து அதில் வை.

அமெரிக்காவிலிருந்து உன் மைத்துனர் கொண்டுவருவதாகச் சொல்லும் கருவி வேண்டாம். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைச் சரிக்கட்டினாலும், சாதாரண ஏசி மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தே சுற்றும். காற்றும் அதற்கேற்பக் குறைவாகவே இழுபடும்.

இன்னொன்று, உன் கொண்டோவில் ஏர்கோன் போட்டு நாள் முழுக்கக் கதவடைத்திருப்பாய். வீட்டுக்குள் தேங்கும் கரியமில வாயுவையும் ஸ்கிம்மர் சேர்த்து இழுத்து நீரின் பிஎச்சைக் குறைத்துவிடும். காற்றுக் குழாயைப் பால்கனிவரை நீட்டி விட்டால் சரியாகும். அந்தக் குழாயின் வாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது வெந்நீர் விட்டுக் கழுவு. புதுக் கருவி பழகி நுரை சீராக நிற்க ஓரிரு வாரம் ஆகும். அதுவரை நுரையின் மட்டத்தைச் சரிசெய்யும் திருகைத் தொட்டுக்கொண்டே இருக்காதே.

சம்பில் நீர் எத்தனை செ.மீ. நிற்கிறது, அலமாரியின் உள் உயரம் எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து எழுது. தைப்பூசத்துக்கு இங்கே தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வருவாய் அல்லவா, அப்போது என் தொட்டியில் நுரை நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு வாங்கலாம்.

அன்புடன்,
மாறன்