எஃப்.சி.சி-க்கு ஒரு திறந்த மடல்: 2009-ல நடந்தத கொஞ்சம் திரும்பிப் பாருங்க சார்

வாஷிங்டன்ல உக்காந்து டிவி, ரேடியோ, ஃபோன் எல்லாத்தையும் ஒழுங்குபடுத்துற எஃப்.சி.சி கமிஷனர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நீங்க இத தமிழ்ல படிக்கப் போறதில்லன்னு தெரியும். ஆனா இங்க அமெரிக்காவுல கேபிள கட் பண்ணிட்டு ஜன்னலோரம் ஆன்டெனா ஒட்டி ஓசில டிவி பாக்குற நம்ம ஆளுங்க கொஞ்சநஞ்சம் பேர் இல்ல, அதுல நெறைய பேருக்கு என்ன வரப்போவுதுன்னே தெரியாம ஃபுட்பால் பாத்துட்டு இருக்காங்க, அதான் ஊரறிய எழுதிடலாம்னு உக்காந்தேன்.

விஷயம் இதான். இப்ப காத்துல வர்ற டிஜிட்டல் டிவி சிக்னலுக்குப் பேரு ஏ.டி.எஸ்.சி 1.0. இத மூடிட்டு, இதுக்குன்னு செஞ்ச டிவில எடுக்காத புது 3.0 முறைக்கு மாறணும், அதுக்கு நாள் குறிச்சுக் குடுங்கன்னு ஒளிபரப்பாளர் சங்கம் என்.ஏ.பி 2025 ஃபிப்ரவரில உங்ககிட்ட மனு போட்டாங்க. பெரிய 55 மார்க்கெட்ல 2028 ஃபிப்ரவரி, மத்த ஊர்லல்லாம் 2030 ஃபிப்ரவரி. நீங்களும் அதே வருசம் அக்டோபர்ல, பழைய சிக்னல எப்ப நிறுத்துறதுன்னு ஸ்டேஷன்காரங்களே முடிவு பண்ணிக்கட்டுமேன்னு ஒரு யோசனைய முன்ன வெச்சு கருத்து கேட்டீங்க. 3.0 மேல எனக்கு ஒரு விரோதமும் இல்ல, படம் நல்லாருக்கும், வீட்டுக்குள்ள சிக்னலும் நல்லா எடுக்கும்னுதான் சொல்றாங்க, இருக்கட்டும். ஆனா இந்த நாட்டுல ஒருதடவ ஏற்கனவே ஆன்டெனால ஓடுன பழைய டிவி எல்லாத்தையும் ஒரே உத்தரவுல செல்லாக்காசு ஆக்குனாங்களே, அந்த 2009-ஐ யாரும் வாயத் தொறந்து பேசவே மாட்டேங்குறாங்க. அதுதான் எரிச்சலா இருக்கு.

பேசுவோம். பழைய அனலாக் ஒளிபரப்ப நிறுத்திட்டு டிஜிட்டலுக்கு மாறணும்னு சட்டம் வந்தது 2006 ஆரம்பத்துல. தேதி 2009 ஃபிப்ரவரி 17. சூப்பர் பவுல் முடிஞ்சிருக்கணும், மார்ச்ல வர்ற காலேஜ் பாஸ்கெட்பால் டோர்னமென்ட் ஆரம்பிச்சிருக்கக் கூடாது, அந்த நடுவுல பாத்துப் பிடிச்ச தேதி அது. ஆட்டத்துக்கெல்லாம் நல்லா யோசிச்சிருக்காங்க, ஃபிப்ரவரில மினசோட்டாவுலயும் மிஷிகன்லயும் பனி மூடுன கூரை மேல ஏறி ஆன்டெனா திருப்பப் போறது யாருன்னு மட்டும் யோசிக்கல.

ஆனா நியாயமா சொல்லணும்னா அன்னிக்கு அரசாங்கம் ஒரு காரியம் சரியா பண்ணுச்சு. டிவி காலியான எடத்துல, அதாவது 52-லேர்ந்து 69 வரைக்கும் இருந்த சேனல் அலைவரிசைய போலீஸ் ஃபயர் சர்வீஸுக்குக் கொஞ்சம் ஒதுக்கிட்டு மிச்சத்த 2008-ல செல்ஃபோன் கம்பெனிங்களுக்கு ஏலம் விட்டீங்க, சுமார் 1900 கோடி டாலர் வந்துச்சு. நாங்க பாத்துட்டு இருந்த சேனலோட எடத்த வித்து வந்த காசுங்கறதால, அதுலேர்ந்து 150 கோடி டாலர் வரைக்கும் எங்களுக்கே திருப்பிக் குடுக்கலாம்னு முடிவாச்சு. வீட்டுக்கு ரெண்டு கூப்பன், ஒண்ணு 40 டாலர். பழைய டிவியோட சேத்து மாட்டுற கன்வர்ட்டர் பொட்டி கடையில 40-லேர்ந்து 80 டாலருக்குள்ள இருந்துச்சு, அதனால பெருசா கையக் கடிக்கல.

நடத்துன விதம்தான் கேவலம். கூப்பன் தபால்ல வரும், பாக்க கிஃப்ட் கார்டு மாதிரி ஒரு ப்ளாஸ்டிக் அட்டை, 90 நாள்ல காலாவதி. ஆரம்பத்துல சீக்கிரமா அப்ளை பண்ண பொறுப்பான ஜனங்க கூப்பன கையில வெச்சுக்கிட்டு கடைகடையா அலஞ்சா பொட்டி இன்னும் வந்து சேரல, பொட்டி வரும்போது கூப்பன் செத்துப்போச்சு, திருப்பிக் கேட்டா ஒரு வீட்டுக்கு ஒருதடவதான்னு பதில். முன்கூட்டியே தயாரானவனுக்குத் தண்டனை! 2009 ஜனவரி முதல் வாரத்துல ஒதுக்குன பணமே வரம்ப தொட்டுடுச்சு, கூப்பனுக்கு வெயிட்டிங் லிஸ்ட், லட்சக்கணக்குல வீடுங்க வரிசைல நிக்குது, தேதிக்கு ஒன்றர மாசம்தான் பாக்கி. ஒபாமா பதவிக்கு வந்த கையோட தேதிய ஜூன் 12-க்குத் தள்ளி சட்டம் போட்டாங்க, அதுவும் நாடாளுமன்றக் கீழ்சபைல மொதல் ஓட்டுல தோத்து ரெண்டாவது தடவைதான் தேறுச்சு. அப்புறம் பொருளாதார மீட்புத் திட்டத்துல இன்னொரு 65 கோடி டாலர் கூப்பனுக்குன்னு போட்டாங்க. ஆனா தேதி தள்ளியும் மூணுல ஒரு பங்கு ஸ்டேஷன் ஃபிப்ரவரி 17-க்குள்ளயே அனலாக்க அணைச்சுட்டாங்க, சில எடத்துல ராத்திரி விளக்கு மாதிரி ஒரே ஒரு ஸ்டேஷன மட்டும் நியூஸுக்காகவும் எச்சரிக்கைக்காகவும் விட்டு வெச்சாங்க. ஆளாளுக்கு ஒரு தேதின்னு விட்டா என்ன ஆவும்னு நீங்க கண்ணால பாத்ததுதானே, இப்ப மறுபடியும் ஸ்டேஷன்காரங்களே முடிவு பண்ணட்டும்னா எப்புடி?

இதுக்கு முன்னாடி ஹவாய்ல மட்டும் ஜனவரி 15-லயே மாத்திட்டாங்க. ஏன்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க. மாவி தீவுல ஹலேயகலா எரிமலை மேல இருந்த பழைய டவர்கள பிரிக்கணும், அங்க ஒரு அபூர்வ கடற்பறவை கூடு கட்டுற சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள வேலைய முடிச்சாகணும். பறவைக்காகத் தேதிய மாத்த முடிஞ்சிருக்கு, எனக்கு அதுல சந்தோசம்தான், மனசிருந்தா முடியும்னு தெரியுதுல்ல.

இன்னொன்னும் உருப்படியா பண்ணீங்க, வெள்ளோட்டம். நார்த் கரோலினாவுல வில்மிங்டன் ஊர மட்டும் 2008 செப்டம்பர் 8 மத்தியானம் 12 மணிக்கு டிஜிட்டலுக்கு மாத்துனாங்க, அப்ப உங்க தலைவரா இருந்த கெவின் மார்ட்டின் நேர்லயே போயி நின்னாரு. புயல் சீசன்ங்கறதால அங்க பொது ஒளிபரப்பு ஸ்டேஷன் மட்டும் அனலாக்க அணைக்கல. மாசக்கணக்குல விளம்பரம் பண்ணதால மாற்றம் வருதுன்னு ஊருக்கே தெரிஞ்சிருந்துச்சு. ஆனா ஃபோன் பண்ண ஜனங்கள்ல நெறைய பேர் சொன்னது வேற: பொட்டி வாங்கியாச்சு, மாட்டியாச்சு, ஆனாலும் அந்த ஒரு சேனல் வரல. டபிள்யூ.இ.சி.டி-ங்கற ஸ்டேஷன் அனலாக்ல 6-ஆம் நம்பர்ல ரொம்ப தூரம் போயிட்டு இருந்துச்சு, டிஜிட்டல்ல டவரும் வேற, எட்டுற எல்லையும் வேற. ஆக பிரச்சனை பொட்டி இல்லாததுல மட்டும் இல்ல, பொட்டி இருந்தும் எடுக்காததுலயும் இருக்குன்னு ஒம்பது மாசம் முன்னாடியே உங்க கையில பாடம் இருந்துச்சு.

அந்தப் பாடத்த எங்க பிலடெல்ஃபியா பக்கம் யாரும் படிச்ச மாதிரி தெரியல. ஜூன் 12-ஆம் தேதி இங்க சேனல் 6 டபிள்யூ.பி.வி.ஐ திரும்ப அதே 6-ஆம் நம்பர் வி.எச்.எஃப் அலைக்கே டிஜிட்டல வெச்சுக்கிட்டாங்க. அந்தத் தாழ்ந்த அலைவரிசைல வீட்டு மோட்டார், ட்யூப்லைட், மிக்சி எல்லாத்தோட இரைச்சலும் வந்து விழும், அதுக்கேத்த கம்பியும் நீளமா வேணும், கடையில டிஜிட்டல் ஆன்டெனான்னு ஸ்டிக்கர் ஒட்டி வித்ததெல்லாம் பெரும்பாலும் அதவிட மேல இருக்குற யு.எச்.எஃப் அலைக்குச் செஞ்ச குட்டி ஐட்டம். அப்ப நான் இருந்த அபார்ட்மென்ட்ல கீழ் வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயசிருக்கும், வெள்ளக்காரப் பாட்டி, சாயங்காலம் சேனல் 6 நியூஸ் பாக்கலன்னா அன்னிக்குச் சோறு எறங்காது. கூப்பன் வாங்கி, பொட்டி வாங்கி, எல்லாம் அவங்களே பண்ணிட்டாங்க, வயர் மாட்ட மட்டும் என்ன கூப்பிட்டாங்க. மெனுல போயி ஸ்கேன் அமுத்துனா ஒரு நீலப் பட்டை மெதுவா நகரும், நடுநடுவுல சேனல் எண்ணிக்கை ஒண்ணு ரெண்டுன்னு ஏறும், பாட்டி சேர் நுனில உக்காந்து அதையே பாத்துட்டு இருப்பாங்க. 3 வந்துச்சு, 10 வந்துச்சு, 12 வந்துச்சு, ஸ்பானிஷ் சேனல் கூட வந்துச்சு. 6 வரல. ஆன்டெனாவ ஃப்ரிட்ஜ் மேல வெச்சு ஸ்கேன், ஜன்னல்ல வெச்சு ஸ்கேன், கம்பிய முழுசா இழுத்து படுக்கவெச்சு ஸ்கேன். ஒருதடவ வந்துச்சு, நியூஸ் வாசிக்கறவரு வாயத் தொறந்தாரு, முகம் கட்டம்கட்டமா ஒடஞ்சு அப்படியே நின்னுபோச்சு.

பழைய அனலாக்ல சிக்னல் கம்மியானா படத்துல புள்ளிபுள்ளியா வெள்ளை விழும், ஆளு ரெண்டா தெரிவாரு, ஆனா குரல் கேக்கும், விஷயம் புரியும். டிஜிட்டல்ல இருந்தா முழுசா இருக்கும், இல்லன்னா சுத்தமா இருக்காது. இத யாரும் பாட்டிக்குச் சொல்லல. பொட்டி பழுதுன்னுதான் கடைசி வரைக்கும் நெனச்சாங்க. அப்புறம் அந்த ஸ்டேஷன் உங்ககிட்ட அனுமதி வாங்கி பவர ஏத்துனாங்க, ஓரளவுக்குச் சரியாச்சு. ஜூன் 12 அன்னிக்கு ஒரே நாள்ல உங்க உதவி நம்பருக்கு 3 லட்சத்துக்கு மேல ஃபோன் வந்துச்சே, அதுல எங்க ஊர் 6 எத்தன ஆயிரம்னு உங்க ஃபைல்லயே இருக்கும், எடுத்துப் பாருங்க. அன்னிக்குச் சுமார் 28 லட்சம் வீடுங்க தயாரா இல்லன்னு, டிவி பாக்குறவங்கள கணக்கெடுக்குற நீல்சன் கம்பெனி சொல்லுச்சு. அதுலயும் வயசானவங்களவிட சின்னப் பசங்க வீடுதான் தயாரா இல்லாதது அதிகம், பாட்டிங்கள கொற சொல்லாதீங்க.

இன்னொரு கூட்டம் சத்தமே இல்லாம அடிபட்டுச்சு. புயல் நேரத்துல கரண்ட் போனா பேட்டரில ஓடுற குட்டி டிவிய வெச்சுக்கிட்டு ஃப்ளோரிடாக்காரங்க உயிர் பொழச்சிருக்காங்க, அந்த டிவியெல்லாம் ஒரே நாள்ல குப்பை. ஏன்னா பொட்டிக்குக் கரண்ட் வேணும்.

சரி, இப்ப 3.0-க்கு வருவோம். 2009-ல எவ்ளோ கொளறுபடி நடந்தாலும் மூணு விஷயம் உறுதியா இருந்துச்சு. பொட்டிக்கு அரசாங்கக் காசு இருந்துச்சு. 2007 மார்ச்லேர்ந்து தயாராகி வர்ற எல்லா டிவிலயும் டிஜிட்டல் ட்யூனர், அதாவது சிக்னலப் பிடிக்கிற பாகம், இருந்தே ஆகணும்னு உங்க உத்தரவே இருந்துச்சு. எல்லாத்துக்கும் மேல, காத்துல வந்த சிக்னலுக்குப் பூட்டு இல்ல, எவன் செஞ்ச பொட்டியா இருந்தாலும் எடுத்துச்சு. இப்ப பாருங்க, புது ஏலமும் இல்ல, கூப்பன் பத்தின பேச்சும் இல்ல. கடையில இன்னிக்கு விக்கிற டிவில முக்காவாசில 3.0 ட்யூனர் கெடையாது, எல்ஜி மாதிரி பெரிய கம்பெனியே ஒரு பேட்டன்ட் கேஸ்ல தோத்துட்டு 2024 மாடல்லேர்ந்து அந்த ட்யூனர எடுத்துட்டாங்க. இதுக்கு நடுவுல நெறைய ஸ்டேஷன் 3.0 சிக்னலுக்கு டி.ஆர்.எம்-ங்கற டிஜிட்டல் பூட்டு போட்டுட்டாங்க, அந்தப் பூட்டத் தொறக்குற சாவி யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்றது ஒளிபரப்புக் கம்பெனிங்களே சேந்து வெச்சிருக்கற ஒரு அமைப்பு. ஆசையா 3.0 ட்யூனர் வாங்கி வீட்டுக்குள்ள ரெகார்ட் பண்ணிப் பாத்துட்டு இருந்த ஆளுங்க ஒருநாள் காலைல போட்டா படம் வரல, பூட்டு. இது கேபிளா, சாட்டிலைட்டா? பொது ஜனத்தோட காத்து, அதுல ஒளிபரப்ப லைசென்ஸ் குடுக்கறதே பொதுநலத்துக்குன்னு, அதுல எதுக்குப் பூட்டு?

அந்த அலைவரிசைல மிச்சப்படுற எடத்துல ஸ்டேஷன்காரங்க காருக்கு மேப் டேட்டா அனுப்பறது, வேற டேட்டா சர்வீஸ் நடத்தறதுன்னு சம்பாதிக்கப் போறாங்க, அத அவங்களே மறைக்கல. சம்பாதிக்கட்டும். 2009-ல காத்த வித்தவங்க காசுலேர்ந்து பொட்டிக்குக் குடுத்த மாதிரி, இப்ப காத்துல சம்பாதிக்கப் போறவங்க குடுக்கட்டும்ங்கறேன், அவ்ளோதான்.

உங்க ஆபீஸ்ல பழைய கதை தெரிஞ்சவங்க இருந்தா 1950-ஐ கேளுங்க. அந்த வருசம் அக்டோபர்ல சி.பி.எஸ்-ஓட சக்கரம் சுத்துற கலர் முறைக்கு நீங்க ஓகே சொன்னீங்க. வீடுகள்ல இருந்த கறுப்பு வெள்ளை டிவில அது தெரியவே தெரியாது. 1951 ஜூன்ல ஒளிபரப்பு ஆரம்பிச்சாங்க, பாக்க டிவி இல்ல, வாங்க ஆள் இல்ல, அக்டோபர்ல ஊத்தி மூடியாச்சு. அப்புறம் 1953 டிசம்பர்ல பழைய டிவிலயும் கறுப்பு வெள்ளையா தெரியுற மாதிரி ஒரு கலர் முறைக்கு அனுமதி குடுத்தீங்க, அது 2009 வரைக்கும் ஓடுச்சு. ஜனங்க கையில ஏற்கனவே இருக்குறத மதிச்ச முறைதான் அம்பத்தஞ்சு வருசம் நின்னுச்சு. இந்தத் தடவ அப்படி ரெண்டுக்கும் ஒத்துப்போற மாதிரி பண்ண டெக்னிக்கலா முடியாதுங்கறீங்க, புரியுது. அப்ப அதுக்கு ஈடா மத்தத செய்யணும்ல?

நான் கேக்குறது ரொம்ப இல்ல. பூட்டு இருக்குற வரைக்கும் எந்த ஊர்லயும் 1.0-ஐ அணைக்க விடாதீங்க. இன்டர்நெட் இல்லாத வீட்லயும் வேல செய்யுற சாதாரண பொட்டி, அதுக்குக் கூப்பன், காலாவதி தேதியே இல்லாத கூப்பன். வில்மிங்டன் மாதிரி ஒரு ஊர மொதல்ல மாத்திப் பாருங்க, வி.எச்.எஃப்-ல இருக்குற ஸ்டேஷன் உள்ள ஊரா பாத்துத் தேர்ந்தெடுங்க, அப்பதான் நெசமான சிக்கல் வெளிய வரும். 2009-ல சில ஊர்ல ஃபயர் சர்வீஸ்காரங்க வீட்டுக்கே வந்து பொட்டி மாட்டிக் குடுத்தாங்க, அந்த ஏற்பாடு இந்தத் தடவ கடைசி நிமிசத்துல இல்லாம ஆறு மாசம் முன்னாடியே வேணும்.

அப்புறம் அந்தத் தேதி. 2028 ஃபிப்ரவரி, 2030 ஃபிப்ரவரி. மறுபடியும் ஃபிப்ரவரியா சார்? பனிக்காலத்துல கூரை ஏற எங்களால ஆவாது, ஜூனுக்கு மாத்தி வைங்க.

இப்படிக்கு,
நியூஜெர்சிலேர்ந்து ஆன்டெனா போட்டு டிவி பாக்குற ஒருத்தன்