எங்கள் ஒழுங்கைக் கடவைக்குக் குறைநிரப்பு மதிப்பீட்டில் ஒரு வரி கேட்டு மனு

அனுப்புநர்:
சுன்னாகத்துக்கும் மல்லாகத்துக்கும் இடையில் ரயில் பாதையின் இரு கரையிலும் குடியிருக்கும் குடும்பங்கள்
(பெயர்களும் கையொப்பங்களும் இணைப்பில்)

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

விடயம்: பாதுகாப்பற்ற புகையிரதக் கடவைக்கு நிரந்தர கேற்றும் காப்பாளரும் பெற, குறைநிரப்பு மதிப்பீட்டில் (வருட நடுவில் பாராளுமன்றம் ஒதுக்கும் மேலதிகப் பணத்தில்) நிதி கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

நாங்கள் கேட்பது ஒரு கேற், ஒரு மணி, அதன் பக்கத்தில் ஒழுங்கான சம்பளத்தோடு நிற்கும் ஒரு ஆள். இதையே கேட்டு முன்னமும் எழுதியிருக்கிறோம். எந்த அலுவலகத்துக்கு எழுதினோம், அங்கே யார் என்ன சொன்னார்கள் என்ற கதையை இங்கே எடுக்கவில்லை. ஆளைக் குற்றம் சொல்ல எழுதும் மனு அல்ல இது. பிழையான நேரத்தில், பிழையான வாசலில் நின்று இவ்வளவு நாளும் கேட்டிருக்கிறோம் என்பது இப்போதுதான் எங்களுக்கு விளங்குகிறது.

முதலில் இடத்தைச் சொல்கிறோம். பிரதான வீதியிலிருந்து தோட்டப் பக்கம் போகும் ஒழுங்கை அது. லான்ட்மாஸ்டர் ஒன்று வந்தால் எதிரே வரும் சயிக்கிள் வேலியோடு ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். ஒரு பக்கம் பழைய மதில், மறுபக்கம் கிளுவை வேலி. பாதையைத் திரும்பப் போட்டபோது தண்டவாளம் மேடாகிவிட்டது. ஒழுங்கை அதே பள்ளத்தில் கிடக்கிறது. ஆகவே கடப்பதென்றால் இடுப்பளவு ஏற்றத்தை ஒரே இழுவையில் ஏற வேண்டும். மோட்டார் சைக்கிள்காரர் அக்சிலேற்றரை முறுக்கும்போது அவருக்குத் தன்னுடைய எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. மதிலும் வேலியும் மறைப்பதால், முன்சில்லு தண்டவாளத்தில் ஏறிய பிறகுதான் இடமும் வலமும் கண்ணுக்குத் தெரியும். இடையில் எஞ்சின் நின்றுவிட்டால் பின்னால் உருள வேண்டியதுதான்.

காலை ஆறே முக்காலுக்கு அங்கே நின்றால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தாய், இரண்டு பிள்ளைகளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போகிறவர். ஏற்றத்துக்குக் கீழே ஸ்கூட்டியை நிறுத்துவார். மூத்தவன் இறங்குவான், பத்து வயது. புத்தகப் பையோடு மேலே ஓடி, காங்கேசன்துறைப் பக்கம் ஒருமுறை பார்ப்பான், யாழ்ப்பாணப் பக்கம் ஒருமுறை பார்ப்பான், பிறகு கையைத் தூக்கி ஆட்டுவான். தாய் ஸ்கூட்டியை ஒரே மூச்சில் ஏற்றி மறுகரையில் இறக்குவார். பின்னால் வரிசையில் நிற்கும் ஓட்டோக்காரரும் அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்துத்தான் கிளம்புகிறார். அவனுக்குக் காய்ச்சல் வந்த வாரம் அவரவர் அதிர்ஷ்டத்தில் கடந்தோம்.

விடியற்காலை இன்னும் மோசம். சுன்னாகம் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோகிறவர்கள் இருட்டோடு புறப்படுகிறார்கள். சயிக்கிளின் இரண்டு பக்கமும் குலை கட்டினால் ஓட்டுகிறவருக்கு முன்னால் மட்டும்தான் தெரியும். வீதி விளக்கோ கடவைக்கு இரண்டு கம்பத்துக்கு முன்னமே நின்றுவிடுகிறது.

இப்படியொரு கடவை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இந்தப் பாதை 1902இல் போட்டது. அப்போது இங்கே கடவையும் இல்லை, கடக்க ஆளும் இல்லை. 1990 ஜூனில் போரால் ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் கட்டப் போயின, வெறும் மேடுதான் மிஞ்சியது. இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனம் அந்த மேட்டைக் கடந்து வீடு கட்டியது, தோட்டம் செய்தது, கிணறு வெட்டியது. 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தபோது, இடையில் கிட்டத்தட்ட 25 வருடம் போயிருந்தது. ரயிலையே பார்க்காமல் வளர்ந்து கலியாணம் முடித்தவர்கள் எங்கள் ஒழுங்கையில் இருந்தார்கள். ரயில் வந்த நாளில் எல்லாரும் ஸ்ரேசனுக்குப் போய்க் கை காட்டிவிட்டு வந்தோம். எங்கள் வாசலில் ஒரு கேற் வேண்டும் என்று அன்று ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதில் எங்கள் பிழையும் உண்டு.

2024 பெப்ரவரியில் இணுவிலில் வான் ஒன்றும் ரயிலும் மோதி ஒரு தந்தையும் கைக்குழந்தையும் இறந்ததைத் தாங்கள் அறிவீர்கள். எங்களுக்கு இணுவில் அடுத்த ஊர் மாதிரி. அன்றைக்குப் பின்னேரம் எங்கள் ஒழுங்கைக்காரர்கள் தாங்களாகவே வந்து கடவையில் நின்றார்கள். ஒருவரும் பெரிதாகப் பேசவில்லை.

சரி, இப்போது காசு விஷயத்துக்கு வருகிறோம். ஒரு கடவை பாதுகாப்பாக இருக்க மூன்று காரியம் வேண்டும்: தடையும் சமிக்ஞையும், அதை இயக்கும் ஆள், வந்து சேரும் வீதி. அரசாங்கத்தின் கணக்கில் இந்த மூன்றும் மூன்று பைக்குள் இருக்கின்றன. கேற்றும் மணியும் புகையிரதத் திணைக்களத்தின் மூலதனச் செலவு, வரவு செலவுத் திட்டத்தில் அந்தத் திணைக்களத்தின் கணக்கு இலக்கமான தலைப்பு 306. ஆளுக்கான கொடுப்பனவு வடக்கில் பல வருடமாகப் பொலிஸ் ஊடாகப் போனது, அது வருடா வருடம் திரும்ப வரும் மீண்டெழும் செலவு, பொலிஸ் திணைக்களத்தின் தலைப்பு 225. ஒழுங்கை பிரதேச சபைக்குரியது. ஆகவே எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருப்பவர் சொல்வது பொய் அல்ல. “எங்கள் பங்கு தயார், மற்றவர்கள் செய்யட்டும்” என்றால் அவருடைய கணக்குப்படி அது சரிதான். மூன்று சரியான பதிலுக்கு நடுவில்தான் அந்தப் பத்து வயதுப் பிள்ளை நிற்கிறான்.

கேற் காப்பாளர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒருவர் இல்லை. ஆனால் அடுத்தடுத்த கடவைகளில் இருப்பவர்களைத் தெரியும். தகரக் கொட்டில், பிளாஸ்ரிக் கதிரை, இரண்டு கொடி. ரயில் வருகிறதா என்று முந்திய கடவையில் இருப்பவருக்குச் சொந்த போனில், சொந்த ரீலோட்டில் அழைத்துக் கேட்டுக்கொண்டவர்கள் அவர்கள். நாளொன்றுக்கு 250 ரூபாய் என்ற கணக்கில், மாதம் 7,500 ரூபாய்க்குப் பல வருடம் வேலை பார்த்தார்கள். ஒரு சாப்பாட்டுப் பார்சலுக்கே பத்தாத காசு அது. நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் பலமுறை பணியை நிறுத்தியபோதெல்லாம் சனம் அவர்களைத்தான் ஏசியது. அந்த நிலையில் இன்னுமொரு ஆளை எங்களுக்காகக் கொண்டுவந்து இருத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. பதவி உருவாக்கி, சம்பளம் ஒதுக்கி, இரவுக்கும் மாற்றாள் வைத்துத் தாருங்கள். பகலுக்கு மட்டும் ஆள் இருந்தால் இரவில் அந்த கேற் திறந்த வாசல்தான்.

ஏன் இதைப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கொடுக்காமல் தங்களிடம் தருகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முன்பு அவர்களிடம்தான் கொடுத்தோம். எங்கள் தேர்தல் மாவட்டத்திலிருந்து போன ஆறு பேரும் சபையில் எழும்பி எங்கள் கடவையின் பெயரைச் சொன்னாலும், அது சபைப் பேச்சுகளைப் பதியும் ஹன்சாட்டில் ஏறும், மதிப்பீட்டில் ஏறாது. அரசாங்கப் பணத்தைச் செலவிடக் கோரும் சட்டமூலத்தையோ பிரேரணையையோ அமைச்சரவையின் அனுமதியோடு ஒரு அமைச்சர்தான் கொண்டுவரலாம் என்று அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே குறைநிரப்பு மதிப்பீடு விவாதத்துக்கு வரும் நாளில் எங்களுக்கான வரி அந்தத் தாளில் ஏற்கெனவே இருக்க வேண்டும். அன்றைக்கு எவ்வளவு கத்தினாலும் புதிதாக ஏறாது. அந்த வரி கீழிருந்துதான் போக வேண்டும்: மாவட்டம், திணைக்களம், அமைச்சு, திறைசேரி. இந்த வரிசையின் முதல் படி தங்கள் மேசை.

மாகாண சபை இருந்திருந்தால் இதைப் பேச இன்னுமொரு இடமும் இருந்திருக்கும். 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு அடுத்த தேர்தலை நாங்கள் காணவில்லை. ரயில் மாகாண விடயம் அல்லத்தான், ஆனாலும் மக்கள் போய்ச் சொல்ல ஒரு வாசல் குறைந்தது.

குறைநிரப்பு என்றதும் தங்களுக்கு வரக்கூடிய யோசனை எங்களுக்குத் தெரியும். டித்வா புயலுக்குப் பிறகு 2025 டிசம்பரில் பாராளுமன்றம் 500 பில்லியன் ரூபாய்க்குக் குறைநிரப்பு மதிப்பீடு நிறைவேற்றியது. அது வீடும் ஆளும் இழந்தவர்களுக்கான பணம். அதில் ஒரு சதத்தையும் எங்கள் கேற்றுக்குத் திருப்பச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. மலையகத்தில் மண்ணுக்குள் போனவர்களை நினைத்தால் எங்கள் கோரிக்கை சின்னதுதான். அடுத்து எப்போது குறைநிரப்பு மதிப்பீடு வந்தாலும், அதில் போக்குவரத்து, பொதுமக்கள் பாதுகாப்புக்கான பகுதியில் எங்கள் கடவைக்கு ஒரு வரி வேண்டும் என்றுதான் கேட்கிறோம். அவ்வளவு காத்திருக்க வேண்டாம் என்றால் வேறு வழியும் உண்டு: தேசிய வரவு செலவுத் திணைக்களத்தின் தலைப்பு 240இல் வருட நடுவில் வரும் தேவைகளுக்கென்று வைத்திருக்கும் ஒதுக்கம். அதிலிருந்து எடுத்துக் கொடுத்தால் பிறகு பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தால் போதும். ஒரே திணைக்களத்துக்குள் மிச்சம் இருந்தால் நிதிப் பிரமாணம் 66இன் கீழ் மாற்றலாம். எது லேசு என்பது எங்களை விடத் தங்கள் கணக்காளருக்குத் தெரியும்.

ஒரு பயமும் இருக்கிறது. பணம் வருட முடிவில் வந்தால் டிசம்பர் 31க்குள் செலவழிக்க முடியாமல் திரும்பிப் போய்விடும். இந்தக் கதை எங்கள் ஊருக்குப் பழசு. வீதிக்குக் கல்லு வந்து இறங்கிய பிறகு காசு திரும்பிய சம்பவத்தைச் சொல்லிச் சிரிக்கும் வயசாளிகள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அதனால் பணத்துக்கு முன்னமே மதிப்பீடும் வரைபடமும் தயாராக இருக்க வேண்டும். தாங்கள் சொன்னால் புகையிரதப் பொறியியலாளரும் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் ஒரே நாளில் வந்து சேர்ந்து அளக்கலாம். தனித்தனியாக வந்தால் இரண்டு அளவு வரும், பிறகு எந்த அளவு சரி என்பதற்கே ஒரு வருடம் போகும்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்த விடயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, மூன்று தரப்பையும் ஒரே மேசையில் இருத்தி, யார் எதை எப்போது செய்வது என்று கூட்டக் குறிப்பில் எழுதுவிக்குமாறு கேட்கிறோம். வாயால் சொன்னது போதாது. எழுதினால்தான் அடுத்த கூட்டத்தில் கேட்கலாம்.

பாராளுமன்றம் வரை போகாமலே செய்யக்கூடியவையும் உண்டு. இரண்டு கம்பத்துக்கு விளக்கு, இரு பக்கமும் வேகத்தடை, ஏற்றத்துக்குக் கொங்கிறீற், பார்வையை மறைக்கும் பற்றையை வெட்டுவது. பற்றையை நாங்களே சிரமதானமாக வெட்டப் போனோம். அது ரயில் பாதையின் ஒதுக்கீட்டு நிலம், அனுமதி இல்லாமல் கத்தி வைக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். அனுமதி வாங்கித் தந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், கூலி வேண்டாம், தேத்தண்ணியும் நாங்களே ஊற்றுவோம். மதில்காரரும் மூலையை உடைத்துச் சாய்வாகக் கட்டச் சம்மதம் சொல்லியிருக்கிறார். அவருடைய கையெழுத்தும் இணைப்பில் இருக்கிறது.

எங்கள் பக்கக் குறையையும் மறைக்கவில்லை. மற்றக் கடவைகளில் கேற் விழுந்து கிடக்கும்போதும் சயிக்கிளைச் சரித்து அடியால் நுழைகிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். காதில் வயரைச் செருகிக்கொண்டு தண்டவாளத்தில் நடக்கும் பெடியளும் இருக்கிறார்கள். அதற்குப் பிரசங்கம் செய்து பார்த்தோம், பெரிதாகப் பலன் இல்லை. பாடசாலையும் ரியூசன் ஆசிரியர்களும் உதவினால் மாறும் என்று நினைக்கிறோம். கேற் வந்த பிறகு அந்தப் பொறுப்பு எங்களுடையது. ஆனால் ரயில் சாரதி எங்களைக் கண்டு பிறேக் பிடித்தாலும் சில நூறு மீற்றர் ஓடித்தான் ரயில் நிற்கும். பெடியள் திருந்தும் வரை அது காத்திருக்காது.

தங்களுக்கு வசதியான ஒரு பாடசாலை நாளில், காலை ஆறே முக்காலுக்கு ஒருமுறை கடவைக்கு வருமாறு பணிவாக அழைக்கிறோம். வாகனத்தைப் பிரதான வீதியிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தால் நல்லது, ஒழுங்கையில் திருப்ப இடமில்லை. நீலப் புத்தகப் பையோடு ஏற்றத்தில் ஓடி வரும் பிள்ளையிடம் கேட்டால், எந்த ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று அவன் சொல்லுவான்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கடவையைச் சூழ வசிக்கும் குடும்பங்கள் சார்பில்

இணைப்பு: கையொப்பங்கள், கடவையின் கைவரைபடம், ஆறு புகைப்படங்கள், மதில் காணிக்காரரின் சம்மதக் கடிதம்

பிரதி: பிரதேச செயலாளர், பிரதேச சபைத் தவிசாளர், கிராம அலுவலர்