எட்டாம் வகுப்பில் கிரேக்க வீரர்கள்: பெற்றோருக்குக் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

இந்த மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கிரேக்கப் புராணக் கதைகள் படிக்கிறார்கள். "ஒரே சண்டையும் கொலையுமாக இருக்கிறதே, இது எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

முதல் நாள், வீரன் என்றால் யார் என்று வகுப்பில் கேட்டோம். பலசாலி, பயப்படாதவன், ஜெயிப்பவன் என்று கரும்பலகை நிறைந்தது. அப்புறம் கிரேக்கர் டிராய் நகரத்தின்மீது தொடுத்த போரைப் பாடும் ஹோமரின் இலியத் காவியத்தில் ஆறாம் பாகத்திலிருந்து ஒரு காட்சியைச் சொன்னோம். டிராய் இளவரசன் ஹெக்டர் போர்க்களம் திரும்புமுன் கைக்குழந்தையைத் தூக்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தின் உச்சியில் ஆடும் குதிரைமயிரைக் கண்டு மிரண்ட குழந்தை, தாதியின் மார்பில் ஒண்டிக்கொண்டு வீறிடுகிறது. அப்பாவும் அம்மாவும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கி முத்தமிடுகிறான். அவன் சாகப்போகிறவன் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்போ, ஜெயிப்பவன்னு எழுதினதை அழிச்சிடலாமா சார்?" என்று கேட்டான். அழிக்கவில்லை, பக்கத்தில் கேள்விக்குறி போட்டோம்.

ஹெக்டரைக் கொன்ற கிரேக்க வீரன் அக்கிலீஸ் அவன் உடலைத் தேரில் கட்டி இழுத்துப் போவதையும் மறைக்கவில்லை. அதை மறைத்தால் 24ஆம் பாகம் புரியாது. ஹெக்டரின் தந்தை, கிழவர் பிரியாம் இரவில் எதிரியின் கூடாரத்துக்கே போய், தன் மகன்களைக் கொன்ற கைகளை முத்தமிட்டு உடலைக் கேட்கிறார். அக்கிலீஸுக்குத் தன் தகப்பன் நினைவு வந்து, இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். ஆயுதமே இல்லாத அந்தக் கிழவரைப் பிள்ளைகள் வீரர் பட்டியலில் சேர்த்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது. குறையே இல்லாத வீரனைக் காட்டியிருந்தால் இப்படி யோசித்திருக்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த வாரம் ஒடிசியஸ் என்ற கிரேக்க வீரனின் கதை. "என் பெயர் யாருமில்லை" என்று ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸை ஏமாற்றித் தப்பியவன், கப்பல் ஏறியதும் சும்மா இராமல் தன் உண்மைப் பெயரைக் கத்திச் சொல்கிறான். அரக்கனின் தந்தை கடல் தெய்வம் பொசைடன். அவன் கோபத்தால் ஊர் திரும்பும் வழியெல்லாம் துன்பம். அந்தக் கூச்சல் துணிச்சலா, தலைக்கனமா? சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லி, இதைக் கேளுங்கள். விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். இதற்குத் தேர்வோ மதிப்பெண்ணோ கிடையாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்